ஹில்க்கா என்கிற வெப்ப மூலம்

எங்கள் கட்டடத்தில் யாருக்கும் குளிர்வதே கிடையாது. நான் சொல்லவில்லை, குடியிருப்புச் சங்கத் தலைவர் இல்போ கெம்பைனென் சொன்னார். சொன்னபோது அவர் காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். வாயைத் திறக்கும்போதெல்லாம் புகை வந்தது. இருந்தாலும் அவருக்குப் பின்னால் இருந்த திரையில் பச்சை எழுத்து மின்னிக்கொண்டிருந்தது: "கட்டடம் கதகதப்பாக உள்ளது." திரையே சொன்ன பிறகு குளிர்கிறது என்று சொல்ல நாங்கள் யார்?

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். எங்களுடையது ஔலு நகரத்தில், கடலுக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் ஐந்து மாடிக் கட்டடம். நகரத்து ஆலையிலிருந்து குழாயில் வெந்நீர் வரும். அது ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ரேடியேட்டருக்குள் ஓடி வீட்டைச் சூடாக்கும். வெளியே குளிர் கூடினால் வெந்நீரின் சூட்டைக் கூட்டுவது, குறைந்தால் குறைப்பது, இதுதான் பழைய முறை. அதில் ஒரு கோளாறு இருந்தது. கான்கிரீட் சுவர் எருமை மாதிரி. இன்று தட்டினால் நாளைக்குத்தான் திரும்பிப் பார்க்கும். குளிர் வந்த பிறகு சூடேற்ற ஆரம்பித்தால், சுவர் சூடாகி முடிப்பதற்குள் வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் 'முன்னறிவான்'. நாளை வானிலை என்ன என்று பார்த்து, சுவரின் சோம்பேறித்தனத்தையும் கணக்கில் எடுத்து, குளிர் வருவதற்கு முன்பே சூட்டை அனுப்பிவைக்கும் கணினி. யோசனையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அடுத்த தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு சென்சார் மாட்டி, இதே போல ஒன்று சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் சங்கத்தின் கையில் சிக்கியபோதுதான் அதற்குச் சனி பிடித்தது.

"வீட்டுக்கு வீடு சென்சார் எதுக்கு?" என்று தலைவர் பொதுக்குழுவில் கேட்டார். தபால் இலாகாவில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் முத்திரை குத்துவது போலச் சொல்வார். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். நம்ம கட்டடத்துலயே சராசரியான வீடு எதுன்னு கண்டுபிடிப்போம். அங்க ஒண்ணே ஒண்ணு மாட்டுவோம். அந்த வீடு எப்படியோ அப்படித்தான் கட்டடம்."

கணினியை விற்ற நிறுவனத்திலிருந்து டாக்டர் சான்தெரி என்கிற நிபுணர் சராசரியைத் தேடி வந்தார். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிக் கடைசியில் மூன்றாம் மாடியில் என் வீட்டுக்கு நேர் கீழே குடியிருந்த அவுலிஸிடம் வந்து நின்றார். அவுலிஸ் நகரப் பேருந்து ஓட்டுபவர். ஐம்பது தாண்டியவர், தனி ஆள். நடுமாடி, நடுவீடு, நடு உயரம். ஒரு கார்கூட இல்லாத சாலையில், கொட்டும் பனியில், நடப்பவர்களுக்கான சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை தனியாக நின்றுகொண்டிருப்பார்.

"சனிக்கிழமை என்ன பண்ணுவீங்க?" என்று நிபுணர் கேட்டார்.

"சவுனாவுல ஆவிக் குளியல். அப்புறம் சாசேஜ்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை சும்மாதான் இருப்பேன்."

"எப்போலேருந்து இப்படி?"

"மாத்தணும்னு தோணினதில்லீங்க."

நிபுணர் உணர்ச்சிவசப்பட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என் அனுபவத்துல இப்படி ஒரு ஆளைப் பாத்ததே இல்ல. நீங்க நாளைக்கு என்ன பண்ணுவீங்கன்னு உங்களைக் கேக்காமலே சொல்லிடலாம்!" அவுலிஸை அதுவரை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. அவர் முகம் சிவந்துபோனது. அவருடைய கூடத்துச் சுவரில் ஒரே ஒரு திருகாணியில் சென்சாரை மாட்டி, 'தொடாதீர்கள்' என்று ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த இலையுதிர் காலத் தொடக்கத்தில் எல்லாம் அமோகமாகத்தான் நடந்தது. முன்னறிவான் முன்கூட்டியே அறிந்தது. அவுலிஸ் உருளைக்கிழங்கு வேக வைத்தார். நாங்கள் சட்டையோடு உலவினோம். முன்னறிவானுக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. அந்தக் கோடையில் ஏரிக்கரை நடன அரங்கு ஒன்றுக்குச் சக ஓட்டுநர்கள் அவுலிஸை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அங்கே ஹில்க்கா என்ற பெண் அவரோடு ஒரு டாங்கோ ஆடினாள். பிறகு இன்னொன்று. பிறகு இசைக்குழு மூட்டை கட்டும் வரை ஆடினாள்.

ஹில்க்கா தெற்கே குவோபியோ என்ற ஊர்க்காரி. முடி திருத்தும் கடை வைத்திருப்பவள், கணவனை இழந்து பல காலமாகிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் பேச ஆரம்பித்தால் மெய் எது பொய் எது என்று பிரிக்கும் பொறுப்பு கேட்பவனுடையது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வாரக் கடைசியில் ரயிலேறி வரத் தொடங்கினாள். ரை தானிய மாவுக்குள் மீனை அடைத்துப் பொழுதெல்லாம் அடுப்பில் வேகவிடும் கலகுக்கோ ரொட்டி செய்தாள். அது வேகும்வரை சும்மா இருப்பானேன் என்று அவுலிஸை எழுப்பி ஆடவைத்தாள். எனக்குக் கீழ் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ரேடியோ என்று நினைத்தேன். அவுலிஸ் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். அடுப்பு எரிகிறது, இரண்டு பேர் ஆடுகிறார்கள், அவுலிஸின் கூடம் கொதிக்கிறது. சென்சார் அதைப் பார்க்கிறது. முன்னறிவானுக்கு அவுலிஸின் வீடுதான் கட்டடம். ஆகா, கட்டடமே வெந்துகொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி அத்தனை ரேடியேட்டர்களையும் அணைக்கிறது. வெளியே கடல் உறைந்துகொண்டிருந்தது.

வேறு ஊராக இருந்தால் அன்று மாலையே கலவரம் நடந்திருக்கும். எங்கள் ஊரில் குளிர்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவு. தனக்கு மட்டும்தான் குளிர்கிறது, தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். லிஃப்டில் இரண்டாம் மாடி ரைலியைப் பார்த்தேன். தடித்த கோட்டு, குல்லாய், கையுறை.

"வெளிய கிளம்பிட்டீங்களா ரைலி?"

"இல்ல ரெய்னோ, குப்பை போட வந்தேன். வீட்டுல இப்படித்தான் இருக்கேன்." கொஞ்சம் தயங்கி, "நீங்க?" என்றாள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் வெளியே போவதாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்ட பாவத்துக்குப் பனியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

அடித்தளத்துப் பொது சவுனாவில் தன் முறை முடிந்தும் யாரும் வெளியே வர மறுத்தார்கள். ரைலி குழந்தை மாதிரி வளர்த்த எலுமிச்சைச் செடி ஒரு வாரக் கடைசியில் கருகிப்போனது. அவள்தான் முதலில் பொறுமை இழந்து லிஃப்டில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினாள்: "எனக்கு மட்டும்தானா?" மறுநாள் அதன் கீழே கட்டடம் முழுவதும் "எனக்கும்" என்று எழுதியிருந்தது. தலைவர் விளக்கக் கூட்டம் கூட்டினார். குல்லாயும் புகையுமாக அவர் பேசியது அங்கேதான்.

"நீங்க குளிர்ல இல்ல," என்றார் அவர். "கட்டடத்தோட வெப்பம் இருபத்தஞ்சு டிகிரி. உங்க வீடு அதுல சேரலைன்னா அது உங்க வீட்டோட விலகல். விலகல் தனிப்பட்ட விஷயம். சங்கம் யாரோட அந்தரங்கத்துலயும் தலையிடாது."

ரைலி எழுந்து, "என் எலுமிச்சை செத்துப்போச்சே தலைவரே," என்றாள்.

"இருபத்தஞ்சு டிகிரியில எலுமிச்சை சாகாதும்மா. வேற ஏதாவது வியாதியா இருக்கும்."

ஆனால் அந்தரங்கத்தில் தலையிடாத சங்கம் அடுத்த சனிக்கிழமையே அவுலிஸின் கதவைத் தட்டியது. மாதிரி வீட்டில், அதாவது அவுலிஸின் வீட்டில், 'விளக்க முடியாத வெப்ப மூலம்' இருப்பதாக நிபுணரின் வரைபடம் காட்டியதாம். தலைவர், கட்டட நிர்வாகியான தெல்லெர்வோ என்ற பெண்மணி, நிபுணர் மூவரும் வந்தார்கள். மேல் வீட்டுச் சாட்சியாக என்னையும் கூட்டிக்கொண்டார்கள். வாசலில் எல்லோரும் காலணிகளைக் கழற்றினோம். தலைவரின் காலுறையில் ஒரு ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அந்த விரலோடு அவர் அதிகாரமாக உள்ளே நுழைந்தார்.

நிபுணர் கையில் ஒரு கருவியோடு மூலை மூலையாகப் போய்க் கடைசியில் சமையலறை வாசலில் நின்றார். "இதுதான்."

"இது ஹில்க்கா," என்றார் அவுலிஸ்.

"உக்காந்திருக்கிற மனுஷ உடம்பு நூறு வாட் வெப்பம் விடும்," என்று நிபுணர் குறித்துக்கொண்டார். "ஆடினா முந்நூறு வரைக்கும் போகும்."

"முந்நூறுதானா?" என்றாள் ஹில்க்கா. "மெதுவா ஆடறவங்களை வெச்சு அளந்திருப்பீங்க. உக்காருங்க, காபி போடறேன். தலைவரே, அந்த விரலை உள்ள தள்ளிக்குங்க, சளி பிடிக்கப்போகுது."

தெல்லெர்வோ இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். காபி குடித்து, கலகுக்கோ தின்று, எல்லோரும் கோட்டைக் கழற்றினோம். பல வாரத்துக்குப் பிறகு ஒரு சூடான அறை. கிளம்ப மனமே வரவில்லை. ஹில்க்கா சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தப் பொட்டி ஒரு ஆணியிலதானே தொங்குது? கழட்டிச் செருப்பு அலமாரியில வெச்சா முடிஞ்சுது. இதுக்கா இத்தனை பேரு?"

"தொடாதீங்கன்னு போட்டிருக்கே," என்றார் அவுலிஸ் மெதுவாக.

"அதோட, முன்னறிவான் இந்த வீட்டை மாசக்கணக்கா படிச்சிருக்கு," என்றார் நிபுணர். "வேற இடம்னா அது முதல்லேருந்து படிக்கணும். ஒரு குளிர்காலமே போயிடும்." தலைவர் அதைவிடப் பெரிய காரணத்தைச் சொன்னார். 'ஆண்டின் அறிவுள்ள கட்டடம்' பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறதாம். போட்டி நடக்கும்போது மாதிரி வீட்டை மாற்றினால் என்ன நினைப்பார்கள்? ஆகையால் அவள் இங்கே வராமல், அவுலிஸே குவோபியோவுக்குப் போய்ப் பார்த்து வருவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று முடிவானது.

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. அவுலிஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு குவோபியோ போனார். மாதிரி வீட்டில் அடுப்பு இல்லை, ஆள் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. வீடு ஆறியது. முன்னறிவான் அலறிக்கொண்டு அத்தனை ரேடியேட்டர்களையும் கொதிக்கவிட்டது. வெளியே உடம்பை வெட்டும் குளிர், உள்ளே மண்டை பிளக்கும் சூடு. ஜன்னல் எல்லாம் திறந்து, மரியாதைப்பட்ட மனிதர்கள் உள்ளாடையோடு பால்கனியில் நின்றோம். எதிர்க் கட்டடத்துக்காரர்கள் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு நாகரிகமாக மூடிக்கொண்டார்கள். தலைவர் தன் பால்கனியிலிருந்து தொலைபேசியில் கத்தியது எனக்கே கேட்டது: "அவுலிஸ்! உடனே கிளம்பி வந்து உருளைக்கிழங்கு வேக வையுங்க! இது கட்டடத்தோட உத்தரவு!"

அவுலிஸ் வந்துவிட்டார். வேறு என்ன செய்வார்? உத்தரவு என்றால் அவருக்குச் சிவப்பு விளக்கு மாதிரி. ஆனால் ஹில்க்காவும் அடுத்த ரயிலில் பின்னாலேயே வந்துவிட்டாள்.

இதன் பிறகுதான் சங்கத்துக்கு உண்மையான ஞானோதயம் ஏற்பட்டது. நிர்வாகக் குழு கூடி ஒரு தீர்மானம் போட்டது. மாதிரி வீடு கட்டடத்தைப் போல இல்லையென்றால், கட்டடம் மாதிரி வீட்டைப் போல இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை அவுலிஸின் வீட்டில் நடனம் தொடங்கும்போது எல்லா வீடுகளிலும் நடனம் தொடங்கட்டும். எல்லா அடுப்புகளும் எரியட்டும். தனி ஆட்கள் யாரோடாவது ஜோடி சேர்ந்துகொள்ளட்டும்.

சிரிக்காதீர்கள், ஆடினோம். எங்கள் ஊரில் சங்கம் சொன்னால் ஆடுவோம். எனக்கு ரைலி ஜோடி. இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு, நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடைவெளி விட்டு, சவ ஊர்வலம் போவது போல ஒரு டாங்கோ ஆடினோம். நிபுணர் கருவியோடு மாடி மாடியாக வந்து உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு பேரும் சேந்து நாப்பது வாட்கூடத் தேறலையே," என்றார்.

"தரை வழுக்குது," என்றேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த வழக்குதான். மனப்பூர்வமாக ஆடாமல் சங்கத்தின் முயற்சியை முறியடித்ததாக எங்கள் எல்லோர் மேலும் தலைவர் பழி போட்டார். சில நாளில் அவசரப் பொதுக்குழுவுக்கு அழைப்பு வந்தது. ஒரே பொருள்: "மாதிரி வீட்டில் உள்ள கூடுதல் வெப்ப மூலம்: அனுமதி, வரம்பு, நேர அட்டவணை."

அவுலிஸ் அந்த அழைப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஹில்க்காவும் வந்தாள். என் சமையலறையில் மூவரும் உட்கார்ந்தோம். அழைப்பை அவள் இரண்டு முறை படித்தாள். அவள் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஏம்ப்பா அவுலிஸ், நான் ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு மணிக்கணக்கு போட்டுக் குடுத்தாங்கன்னா, நான் ரயிலேறிடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் வர மாட்டேன். நேரம் பாத்து வந்துட்டுப் போறதுக்கு நான் என்ன பஸ்ஸா?"

"அவங்க நல்ல மனுஷங்கதான் ஹில்க்கா. சட்டம் அப்படி..."

"அவங்களை விடு. இந்தக் கட்டடத்துல இருக்கிற அத்தனை பேரும் நான் வரலாமா கூடாதான்னு பேசியாச்சு. அந்த டாக்டர் பேசிட்டார், தலைவர் பேசிட்டார், லிஃப்டுல சீட்டு ஒட்டிப் பேசறாங்க. நீ ஒருத்தன்தான் இன்னும் வான்னு சொல்லலை."

அவுலிஸ் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை நான் உலுக்கியிருக்க வேண்டும். நானும் கோப்பைக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹில்க்கா எழுந்து போய்விட்டாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று நான் அவ்வளவு ஆசைப்பட்டது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பொதுக்குழு சவுனாவுக்குப் பக்கத்து அறையில் கூடியது. காபியும் ஏலக்காய் பன்னும் வைத்திருந்தார்கள். ஹில்க்கா கடைசி வரிசையில் பயணப் பையோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் துணியில் சுற்றிய ஒரு கலகுக்கோ. தலைவர் பிர்ச் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார்.

"இந்தச் சங்கம் காதலுக்கு விரோதி இல்ல," என்றார். "காதல் பண்ணுங்க. முன்கூட்டியே தெரிவிச்சிட்டுப் பண்ணுங்கன்னுதான் சொல்றோம். நாளைக்கு எவ்வளவு பனி பெய்யும்னு வானமே முந்தின நாள் சொல்லிடுது. வானத்தைவிட உங்களுக்கு என்ன கர்வம்? நான் தனி ஆளா இருக்கேன். என் வீட்டு வெப்பத்தை யாராவது குறை சொல்லியிருக்கீங்களா?"

நிபுணர் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். பாதிவரை ஏரி மாதிரி அமைதியான கோடு, அதற்கு 'ஹில்க்காவுக்கு முன்' என்று பெயர். அடுத்த பாதியில் கோடு ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. நிர்வாகி தெல்லெர்வோ குழுவின் முன்மொழிவைப் படித்தார்: ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை மதியம் முதல் மாலைவரை அனுமதி. அடுப்புக்குத் தடை. நடனம் உண்டு, மெதுவானது மட்டும்.

"யாருக்காவது கருத்து உண்டா?" என்று தலைவர் கேட்டார். எங்கள் பொதுக்குழுவில் இந்தக் கேள்விக்குப் பதில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் சுத்தியலை உயர்த்தியும் விட்டார்.

அவுலிஸ் எழுந்து நின்றார்.

காபியைக் கலக்கிய கரண்டிகள் நின்றன. அவர் கால்சட்டைப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். சின்ன வெள்ளைப் பெட்டி. முன்பக்கத்தில் 'தொடாதீர்கள்'.

"கழட்டிட்டேன்," என்றார்.

தலைவர் உயர்த்திய சுத்தியலை இறக்கினார். "எப்போ?"

"மத்தியானம். எங்க வைக்கறதுன்னு தெரியலை. அதான் பாக்கெட்லயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நிபுணர் கைபேசியைப் பார்த்து அலறினார். "கட்டடம் முப்பத்துநாலு டிகிரி காட்டுது! எல்லா ரேடியேட்டரும் நின்னுபோச்சு! உடனே இதை எங்கயாவது மாட்டணும்!" அப்போதுதான் எங்கள் மூச்சு புகையாக வருவதைக் கவனித்தோம். "இன்னொரு மாதிரி வீடு வேணும். யாரு சராசரியா இருக்கீங்க? கை தூக்குங்க!"

யாரும் தூக்கவில்லை. அவர் ஆளாளாகக் கேட்டார். ரைலி, "என் பொண்ணு பிள்ளைகளோட வரப்போறா, வந்தா அடுப்பு அணையாது," என்றாள். ஒருவர் பாதி நாளைக்கு ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவதாகச் சொன்னார். இன்னொருவர் வீட்டுக்குள் வெள்ளரிக்காய் வளர்க்கிறாராம். என்னைக் கேட்டபோது, "எனக்கு நடனம் கத்துக்கலாம்னு ஒரு எண்ணம் இருக்கு," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. ரைலி திரும்பிப் பார்த்தாள்.

கடைசியில் நிபுணருக்கு முகம் மலர்ந்தது. "தலைவரே! நீங்கதான் இருக்கீங்களே! தனி ஆள், வெப்பத்துல குறையே இல்லைன்னு இப்பத்தான் சொன்னீங்க!"

தலைவர் சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது வந்து... எனக்கும் எப்பவாவது விருந்தாளி வரது உண்டு."

"யாரு?"

நிர்வாகி தெல்லெர்வோவின் காதுகள் பீட்ரூட் நிறத்துக்கு மாறியிருந்தன. அவர் கையிலிருந்த தாளால் விசிறிக்கொண்டார், அந்தக் குளிரில்.

முழுக் கட்டடத்திலும் சராசரியான ஒரு ஆள் கிடைக்கவில்லை. யாரும் வராத, சமைக்காத, எதற்கும் ஆசைப்படாத ஓர் இடம் கடைசியில் கிடைத்தது. போர்க் காலத்துக்கென்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயமாகக் கட்டிய பதுங்கு அறை, எங்கள் பனிச் சறுக்குக் கட்டைகளை அடுக்கி வைக்கும் இடம். நிபுணர் ஓடிப்போய் அங்கே மாட்டினார். பதுங்கு அறை எப்போதும் ஜில்லென்று இருக்கும். ஆகவே அந்தக் குளிர்காலம் முழுக்க ரேடியேட்டர்கள் கொதித்தன, நாங்கள் ஜன்னலைத் திறந்துவைத்து வாழ்ந்தோம். கணிப்பு ஒரு டிகிரிகூடத் தவறவில்லை என்று முன்னறிவானுக்குப் பரிசும் கிடைத்தது.

அது பிறகு. அன்று அறையில், மாதிரி வீடே மாறிவிட்டதால் முன்மொழிவு தானாகவே விழுந்தது என்று தெல்லெர்வோ அறிவித்தார். ஹில்க்கா மட்டும் பையின் பிடியை விடவில்லை. அவள் அவுலிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பு இல்லை என்பது அறையில் எனக்கும் இன்னொருவருக்கும்தான் தெரியும்.

"பிற விஷயங்கள் ஏதாவது?" என்றார் தலைவர் களைத்துப்போய்.

அவுலிஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரவே மறந்துவிட்டார் போலிருந்தது. அவர் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"ஹில்க்கா," என்றார். "வா. இங்கயே இரு. என்கூட. அடுத்த வாரம் என்ன ஆகும், அதுக்கடுத்த வாரம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியலை. எனக்கு அது பிடிச்சிருக்கு. வந்துடு."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. ரைலி கைக்குட்டையைத் தேடினாள்.

தலைவருக்குப் பழக்கதோஷம். "இது அழைப்புல இல்லாத விஷயம், அவுலிஸ். விதிப்படி பேசலாம், முடிவெடுக்க முடியாது."

"முடிவெடுக்க வேண்டியது நீங்க இல்ல தலைவரே, நான்," என்றாள் ஹில்க்கா. பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். "இருக்கேன்னு சொல்றேன். எழுதிக்குங்க."

அறையே கைதட்டியது. முடிவு என்ற சொல் காதில் விழுந்து ஆள் கைதட்டினால் தலைவரின் கை தானாக உயரும், அது பல வருடத்துப் பயிற்சி. உயர்ந்தது, இறங்கியது. டொக்.

அடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுத்தியலைப் பார்த்தார், தெல்லெர்வோவைப் பார்த்தார். "அடிச்சாச்சு இல்போ," என்றார் தெல்லெர்வோ மெதுவாக, அவரைப் பெயர் சொல்லி. ஹில்க்கா துணியை அவிழ்த்துக் கத்தி கேட்டாள்.

எங்கள் சங்கத்தில் சுத்தியல் விழுந்த முடிவை மாற்ற வேண்டுமானால் இன்னொரு பொதுக்குழுவைக் கூட்டி வாக்கெடுக்க வேண்டும். அப்படி ஒன்றைக் கூட்டச் சொல்லி இன்றுவரை யாரும் கேட்கவில்லை.